என்.ஜி. போட்ட சிப்பிகள்

1

"சிப்பி வெந்துச்சா வேவலையான்னு பாக்கறதுக்கு ஒரு படிப்பா? அத எங்க வூட்டு அடுப்புலயே பாத்துக்கலாமேடி. அதுக்கு எதுக்கு பிளேன் ஏறிப் போற?"

ஒரகடத்தில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையின் கேன்டீனில் செல்வி அக்கா இதைச் சொன்னபோது மேசையைச் சுற்றி இருந்த அத்தனை பெண்களும் சிரித்தார்கள். செல்வி அக்கா எங்கள் லைன் லீடர். நான் அந்த லைனில் தரம் பார்க்கிறவள். கடல்வாழ் உயிரியலில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு, படித்த படிப்புக்கு வேலை கிடைக்காமல், இரண்டு வருடமாக வண்டிக்குள் மின்கம்பிகளை இணைக்கும் கனெக்டர்களில் கீறல் தேடிக்கொண்டிருந்தேன். கனடாவின் மேற்குக் கரையில் ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் கிடைத்த கடிதத்தை அன்று காலைதான் போனில் காட்டியிருந்தேன். கரையோரச் சிப்பிகள் வெயிலில் எப்படிச் சாகின்றன என்று ஆராயப் போகிறேன் என்று விளக்கமும் சொன்னேன். அது என் தப்பு.

"படப்பை ஏரிய வுட்டா வேற தண்ணி பாத்துகிறியா நீ?" என்று அக்கா முடித்தாள். இரண்டாவது முறை இன்னும் பலமாகச் சிரித்தார்கள்.

நான் இங்கே வந்து இன்றோடு மூன்று வருடம். இப்படியொரு நாளில் வெளிநாட்டில் இருக்கிறவர்கள் கேக் வெட்டிப் படம் போடுவார்கள், பட்ட கஷ்டத்தை எல்லாம் இனிப்பாக்கி எழுதுவார்கள். என்னால் முடியாது. நான் கோபத்தில் இருக்கிறேன். யார் மேல் என்று படித்து முடிக்கும்போது தெரியும். என்மேலும் உண்டு.

2

ஷிஃப்ட் தெரிந்தவர்களுக்கு என் வேலையை விளக்குவது எளிது. இந்தக் கடல் நாளுக்கு இரண்டு தடவை ஏறுகிறது, இரண்டு தடவை இறங்குகிறது. இறங்கும் நேரம் தினமும் முக்கால் மணிக்கு மேல் தள்ளிப்போகும். அந்த நேர அட்டவணை என் அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறது. அது சொல்கிற நேரத்துக்குப் பாறையில் நிற்க வேண்டும். கம்பெனிக்கு லேட்டாகப் போனால் லீடர் திட்டுவாள், கெஞ்சலாம். கடலிடம் கெஞ்ச முடியாது.

நீர் இறங்கியதும் வெளியே தெரிகிற பாறையில், தார் ஊற்றினாற்போல் கறுப்பாக அப்பிக்கிடப்பவைதான் என் சிப்பிகள். புத்தகத்தில் ஆளி என்று எழுதுவார்கள். தண்ணீருக்குள் இருக்கும்போது வாயைத் திறந்து, நீரை வடிகட்டித் தின்னும். நீர் இறங்கியதும் கொஞ்சம் ஈரத்தை உள்ளே வைத்துக்கொண்டு ஓட்டை இறுக்க மூடிக்கொள்ளும். ஆகவே இறங்குமுக நேரத்தில் மூடிக்கிடப்பது உயிருள்ள சிப்பி. வாய் பிளந்து, விரலால் தொட்டாலும் மூடாமல் கிடப்பது செத்த சிப்பி. இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கரையில் கோடையில் கடல் நன்றாக இறங்குவது நடுப்பகலில். கறுப்பு ஓடு வெயிலைக் குடிக்கிறது. காற்றின் சூட்டைவிட ஓட்டுக்குள் இருக்கும் சூடு கூடுதல். எவ்வளவு கூடுதல் என்று அறிய, செத்த சிப்பியின் ஓட்டுக்குள் வெப்பம் பதிகிற ஒரு சிறு சில்லை வைத்து, பிசின் ஊற்றி மூடி, உயிருள்ளவற்றுக்கு நடுவே ஒட்டிவைக்கிறோம். எங்கள் ஆய்வகத்தில் அந்தச் சில்லை ஒட்டிவைப்பது நான்தான். மற்றவர்கள் ஒட்டினால் ஒரு மாதத்தில் கழன்றுவிடும். நான் வைத்தது இரண்டு வருடத்துக்கு மேலாக அலையடித்தும் நிற்கிறது. இதைப் பெருமைக்காகவே சொல்கிறேன்.

ஒரு நாள் வெயிலைச் சிப்பி தாங்கும். மறுபடி கடல் ஏறி, குளிர்ந்த நீர் மூடும்போது தேறிக்கொள்ளும். இப்போது அந்த நீரே வெதுவெதுப்பாகிக்கொண்டு வருகிறது. தேறுவதற்குள் அடுத்த வெயில். சூடான நீரில் பாறையைப் பிடித்திருக்கும் நார்களும் வலுவிழக்கின்றன. மேல் வரிசைச் சிப்பிகள் முதலில் போகும். கீழ் வரிசைக்காவது வழி உண்டா என்றால், அங்கே நட்சத்திர மீன் தின்னக் காத்திருக்கிறது. மேலே வெயில், கீழே அது. நடுவில் இருக்கிற பட்டை வருடத்துக்கு வருடம் ஒடுங்குகிறது.

போனில் இதைச் சொன்னபோது செல்வி அக்கா கேட்டாள்: "அங்க எவ்ளோ டிகிரி?"

"முப்பத்தஞ்சு, சில நாள் அதுக்கும் மேல."

"முப்பத்தஞ்சுக்கேவா பூட்டுச்சு? எங்க ஊருக்கு இட்டாந்தீனா இன்னா பண்ணும்? சித்திரைல கம்பெனி பஸ்சுல ஏறினா சீட்டே அந்த சூடு கீதே!"

ஊரில் எல்லோரும் இப்படித்தான் சிரிக்கிறார்கள். சிரியுங்கள். நம் பக்கத்துக் கடற்கரையில் இருக்கிற சிப்பிகள் சூட்டுக்குப் பழகியவை, ஆகவே பத்திரம் என்று நினைக்கிறீர்கள். அவை ஏற்கெனவே தாங்கக்கூடியதின் விளிம்பில் நிற்கின்றன. குளிர்நாட்டுச் சிப்பிக்குக் கொஞ்சமாவது இடைவெளி உண்டு. நம்முடையதற்கு அதுவும் குறைவு.

இங்கே இருப்பவர்களின் குணத்தையும் சொல்லிவிடுகிறேன். போன மாதம் பாறையில் குனிந்து எண்ணிக்கொண்டிருந்தேன். நாயோடு வந்த ஒரு பெரியவர் மேலே நின்று கத்தினார்.

"இங்கே சிப்பி பொறுக்கத் தடை. உங்கள் ஆட்களுக்கு எத்தனை தடவை சொல்வது?"

"பொறுக்கவில்லை. எண்ணுகிறேன்."

"எண்ணி?"

"எழுதிக்கொள்வேன்."

அவர் என்னைப் படம் எடுத்து யாருக்கோ அனுப்பினார். அரை மணியில் சீருடைக்காரர் வந்தார். பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்த அனுமதிக் கடிதத்தைக் காட்டினேன். அதில் என் பெயர் 'ஏழுமலை'. இந்த நாட்டின் அலுவலகங்களில் என் அப்பாவின் பெயரால்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள். அப்பா படப்பைப் பக்கம் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி. பள்ளிக்கூடம் போகாதவர். லாரி நம்பரைப் படம் வரைவதுபோல் பார்த்துப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவார். அவருக்கே எழுத வராத அந்தப் பெயரைச் சீருடைக்காரர் மூன்று தடவை தப்பாகப் படித்தார். நான் மூன்று தடவையும் திருத்தினேன். அதற்குள் நாய் என் சிப்பிகள் மேல் ஒன்றுக்கு அடித்தது. அதற்கு அனுமதி தேவையில்லை போல.

3

ஒரகடம் தெரியாதவர்களுக்காக ஒரு சொல்லை விளக்க வேண்டும். என்.ஜி.

எங்கள் பக்கத்துக் கம்பெனிகளில் ஒரு பொருள் தேறினால் ஓ.கே., தேறாவிட்டால் என்.ஜி. 'நோ குட்' என்பதன் சுருக்கம். வெளிநாட்டு அதிகாரிகள் கொண்டுவந்த சொல். பச்சை ஸ்டிக்கர் ஓ.கே., சிவப்பு ஸ்டிக்கர் என்.ஜி. ஒரு ஷிஃப்டில் ஆயிரம் தடவை சொல்லிச் சொல்லி அது எங்கள் தாய்மொழியில் சேர்ந்துவிட்டது. டீ ஆறிப்போனால் என்.ஜி. குன்றத்தூர் ஷேர் ஆட்டோ வராவிட்டால் அது என்.ஜி. லைனில் என் பக்கத்தில் நின்ற பெண்ணைப் பார்க்க மாப்பிள்ளை வந்துபோன மறுநாள், "இன்னாடி, ஓ.கே.வா என்.ஜி.யா?" என்று செல்வி அக்கா கேட்டாள். "என்.ஜி. க்கா. ரீவொர்க் பண்ணி தேத்தறதுக்கே லாயக்கில்ல," என்றாள் அவள். பெல் அடித்தும் சிரிப்பு நிற்கவில்லை.

அந்தச் சொல்லோடு எனக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஒரு மாதக் கடைசியில் ஒரு பெட்டி கனெக்டரில் மயிரிழை விரிசல் பார்த்து, முழுப் பெட்டிக்கும் சிவப்பு ஒட்டினேன். வெளியே சரக்கு ஏற்ற கன்டெய்னர் லாரி நின்றுகொண்டிருந்தது. சூப்பர்வைசர் செல்வி அக்காவிடம் ஏதோ சொன்னார். அக்கா ஈரத்துணியோடு வந்து என் ஸ்டிக்கர்களை ஒவ்வொன்றாக உரித்தாள்.

"கண்டுக்காத. வண்டி நிக்குது பாரு."

பச்சையை ஒட்டியது யார் தெரியுமா? நான்தான். அக்கா ஸ்டிக்கர் சுருளை என் கையில் கொடுத்தாள், நான் ஒட்டினேன். அந்தக் கனெக்டர்கள் எந்த வண்டிக்குள் போயின, அந்த வண்டியில் யார் போகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவள் நான். அந்தப் படிப்பு அன்று என் விரல்களைத் தடுக்கவில்லை.

4

இந்தக் கோடையில் தொடர்ந்து மூன்று நாள் வெயில் அடித்தது. மூன்று நாளும் கடல் இறங்கியது நடுப்பகலில். நான்காம் நாள் பாறைக்குப் போனேன். போகிற வழியிலேயே மூக்கு சொல்லிவிட்டது. வேகவைத்த வாசனை முதலில், அதற்கடியில் அழுகல்.

பாறைமேல் பிளாஸ்டிக் சதுரச் சட்டத்தை வைத்து, அதற்குள் இருப்பதை எண்ணுவதுதான் முறை. எங்கள் ஆய்வகக் குறியீட்டில், மூடியதற்கு சி, பிளந்ததற்கு ஜி. அந்த ஆங்கிலச் சொல் 'கேப்பிங்', வாய் பிளந்தது என்று அர்த்தம். முதல் சில சட்டங்களுக்கு ஒழுங்காக ஜி என்றே எழுதினேன். பிறகு மேல் வரிசைக்கு ஏறினேன். அங்கே கைவைத்த இடமெல்லாம் பிளந்துகிடந்தது. உள்ளே ஆரஞ்சு நிறச் சதை வெந்து சுருங்கியிருந்தது. கால் வைத்தால் நொறுங்கும் சத்தம். தலைக்கு மேல் அதே வெயில். கடல் ஏறத் தொடங்கிவிட்டது. வேகமாக எழுதினேன். வேகம் வந்தால் கை பழைய வேலைக்குப் போய்விடும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. மேல் வரிசைச் சட்டங்கள் பன்னிரண்டுக்கும், செத்த எண்ணிக்கைக்குப் பக்கத்தில், அழகான கையெழுத்தில், என்.ஜி., என்.ஜி., என்.ஜி. என்று போட்டுக்கொண்டே போயிருக்கிறேன்.

தாள்களைக் கணினியில் ஏற்றுவது இயன். அவன் ஆய்வக உதவியாளன், நல்லவன், கேள்வி கேட்கத் தெரியாதவன். ஜி என்றால் பிளந்தது. அப்படியானால் என்.ஜி.? 'நாட் கேப்பிங்.' பிளக்காதது. பிளக்காதது என்றால் மூடியது, மூடியது என்றால் உயிருள்ளது. அவன் போட்ட கணக்கில் ஒரு ஓட்டையும் இல்லை.

செத்தவை எல்லாம் உயிரோடு எழுந்துவிட்டன.

5

மூன்று வாரம் கழித்து நடந்த கூட்டத்தில்தான் அது எனக்குத் தெரிந்தது. என் வழிகாட்டி ஹெலன் திரையில் ஒரு படம் போட்டார். கீழ் வரிசையில் கொஞ்சம் சாவு, மேல் வரிசையில் ஏறக்குறைய எல்லாம் பிழைத்திருக்கின்றன. "எதிர்பாராத தாங்கும் திறன்," என்றார். மேல் வரிசைச் சிப்பிகள் சூட்டுக்குப் பழகிவிட்டன என்று அதற்கு ஒரு விளக்கமும் தயாராக வைத்திருந்தார். எல்லோரும் தலையாட்டினார்கள். வேகவைத்த வாசனையை முகர்ந்தவள் அந்த அறையில் நான் ஒருத்திதான்.

கூட்டம் முடிந்ததும் இயனிடம் தாளைக் கேட்டு வாங்கினேன். பார்த்த அந்த நொடியில் புரிந்துவிட்டது.

"நீ புதுக் குறியீடு போட்டிருக்கிறாய் என்று நினைத்தேன். தெளிவாகவும் இருந்தது," என்றான் இயன்.

இதில் என்ன பெரிய ஆபத்து என்று கேட்பீர்கள். அந்தக் கரையில் சிப்பி பொறுக்கத் தடை இருக்கிறது என்றேன் அல்லவா? இந்த இலையுதிர் காலத்தில் தடையை நீக்கலாமா என்று கரையோர அலுவலகம் எங்கள் ஆய்வகத்திடம்தான் கேட்டிருந்தது. பிழைத்திருக்கின்றன என்று அறிக்கை போனால் திறந்துவிடுவார்கள். வாளியோடு வருவார்கள். வெயில் விட்டுவைத்த கீழ் வரிசையை மனிதர்கள் வாரிக்கொண்டு போவார்கள். மறுபடி குஞ்சுச் சிப்பி வந்து ஒட்ட, அங்கே பெரிய சிப்பி இருக்க வேண்டும். வெறும் பாறையில் அவை தங்காது. அறிக்கை அனுப்ப வேண்டிய நாள் வெள்ளிக்கிழமை. அன்று திங்கள்.

இன்னொன்றும் இருந்தது. இந்த நாட்டில் தங்கிப் படிப்பதற்கான என் அனுமதி சீக்கிரம் முடிகிறது. நீட்டிக்க விண்ணப்பம் போட வேண்டும். அதோடு, இவள் ஒழுங்காக வேலை செய்கிறாள் என்று வழிகாட்டி ஒரு கடிதம் தர வேண்டும். அதே வெள்ளிக்கிழமை தருவதாக ஹெலன் சொல்லியிருந்தார்.

செல்வி அக்காவைக் கூப்பிட்டேன். ஏன் அவளை என்று எனக்கே தெரியவில்லை. என்.ஜி. என்றால் விளக்கம் கேட்காத ஆள் வேறு யாரும் எனக்கு இல்லை. இங்கே இன்னும் காலைதான், அங்கே இரவு, அவள் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்சில் இருந்தாள். கதையைக் கேட்டதும் பஸ்சே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தாள்.

"நீ என்.ஜி. போட்ட, அவன் ஓ.கே. போட்டுட்டான். இதுல உன் தப்பு இன்னாடி கீது? கம்முனு இரு. மொதல்ல லெட்டர கையில வாங்கு. அப்பறமா சொல்லிக்க."

"அப்பறம் சொன்னா ஆளுங்க வந்து வாரிக்கினு பூடுவாங்க க்கா."

"வாரட்டுமே! அந்தப் பாற உங்கப்பன் பேர்ல பட்டாவா? இங்க பாரு, உன்ன அனுப்பிட்டாங்கன்னா நீ வந்து மறுபடியும் என் லைன்லதான் நிக்கணும். அப்ப வந்து அழுவாத."

"ஏன், அப்பவும் ஈரத்துணி எடுத்தாந்து ஸ்டிக்கர் உரிப்பியா?"

பஸ்சின் இரைச்சலை மீறிக் குரலை உயர்த்தினாள். "நான் உரிச்சேன். ஒட்டுனவ நீ. ரொம்பப் பேசாத."

போனை வைத்துவிட்டாள். அவள் சொன்னது உண்மை. அதனால்தான் எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்தது.

மறுநாள் ஹெலனிடம் போனேன். தாள்களை மேசையில் பரப்பிச் சொன்னேன். அவர் ஒவ்வொன்றையும் நிதானமாகப் பார்த்தார்.

"கண்டுபிடித்தது நல்லது," என்றார். "இன்னும் யாருக்குத் தெரியும்?"

"செல்வி அக்காவுக்கு."

"யார் அது? எந்தத் துறை?"

"வண்டி உதிரிபாகம். ஒரகடம்."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. வெள்ளிக்கிழமை அறிக்கை இப்படியே போகட்டும் என்றார். குளிர்காலத்தில் ஒரு தடவை முழுதாக எண்ணிவிட்டு, திருத்தத்தை இணைப்பாக அனுப்பலாம். குறியீட்டுக் குழப்பம் என்று வெளியே தெரிந்தால் ஆய்வகத்தின் பழைய தாள்களையும் சந்தேகப்படுவார்கள். மூன்று மாணவர்களின் வேலை அதில் இருக்கிறது.

"குளிர்காலத்தில் எண்ண ஒன்றும் இருக்காது," என்றேன். செத்த சிப்பியின் ஓடு பாறையில் வெகுநாள் நிற்பதில்லை. நாலு பெரிய அலை வந்தால் கழன்று போய்விடும். அதற்குப் பிறகு, அங்கே ஒரு காலத்தில் கறுப்பாக அப்பிக்கிடந்தது என்றால் நம்புவதற்குச் சாட்சி இருக்காது.

"நீ மிகவும் கவனமானவள்," என்றார் ஹெலன். "தொழிற்சாலை உனக்குக் கற்றுக்கொடுத்த ஒழுங்கு அது என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். உன் கடிதத்தைப் பற்றியும் குளிர்காலத்தில் நிதானமாகப் பேசுவோம்."

குரலை உயர்த்தவில்லை. காபி வேண்டுமா என்றுகூடக் கேட்டார். என் அனுமதி குளிர்காலம் வரைக்கும் தாங்காது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். ஒரகடத்தில் மிரட்டுகிறவர்கள் கத்துவார்கள். மிரட்டுகிறார்கள் என்றாவது உடனே புரியும்.

அன்று அப்பா கூப்பிட்டார். "இன்னாம்மா, குரல் ஒரு மாதிரி கீது? அங்க யார்னா எதுனா சொன்னாங்களா?"

"இல்லப்பா. வேலை."

"வேலன்னா இருக்கத்தான் செய்யும். இங்க இன்னிக்கு ஒரு லாரிக்காரன் நம்பர மாத்தி எழுதுன்றான். நான் பாத்து வரையறவன், பாக்காதத எப்பிடிய்யா வரையறதுன்னேன். முறைச்சிக்கினே போறான்."

அவர் அறிவுரைக்காகச் சொல்லவில்லை. கேட்டில் நடந்ததைச் சொன்னார். அடுத்து, அம்மாவுக்கு முட்டி வலி என்றார்.

6

புதன்கிழமை கடல் இறங்கியபோது பாறைக்குப் போய், மேல் வரிசையில் அந்தப் பன்னிரண்டு இடங்களையும் படம் எடுத்தேன். சில இடங்களில் ஓடுகள் கழன்று, அறுந்த நார்கள் மட்டும் முடிபோல் ஒட்டிக்கொண்டிருந்தன. வியாழக்கிழமை காலை, கரையோர அலுவலகத்தில் அறிக்கை யாருக்குப் போக வேண்டுமோ அந்த அதிகாரிக்கு என் கைத்தாள்களையும் படங்களையும் திருத்திய அட்டவணையையும் அனுப்பினேன். என்.ஜி. என்றால் என்ன, எங்கே கற்றேன் என்று நாலு வரியில் எழுதினேன். தட்டச்சு செய்தவர்மேல் பிழை இல்லை, எழுதியவள்மேல்தான் என்றும் எழுதினேன். கீழே முழுப்பெயர்: கலையரசி ஏழுமலை. மறைத்து அனுப்பவில்லை, ஹெலனின் மின்னஞ்சல் முகவரியும் மேலேயே இருந்தது.

அதற்குப் பிறகு ஹெலன் என்னோடு பேசவில்லை. இயன் என்னைக் கண்டால் காபி இயந்திரத்தின் பக்கம் திரும்பிக்கொள்கிறான். ஆய்வகக் கூட்டத்தின் அழைப்பில் என் பெயர் இல்லை. கடிதம் வரவில்லை. கடிதம் இல்லாமலே விண்ணப்பத்தைப் போட்டுவிட்டேன். அந்த இடத்தில் ஆவணம் ஏன் இணைக்கப்படவில்லை என்று கேட்கிற கட்டம் இருந்தது. நடந்ததை நடந்தபடி எழுதினேன். எழுத்து எண்ணிக்கை மீறிவிட்டது என்று அது இரண்டு தடவை திருப்பியது. மூன்றாம் தடவை ஏற்றுக்கொண்டது.

இதைப் படித்துவிட்டு, ஐயோ பாவம், அவ்வளவு தூரம் போய் இப்படி ஆயிற்றே என்று யாரும் என் அம்மாவிடம் போய் நிற்க வேண்டாம். திரும்பிவந்தால் செல்வி அக்காவின் லைனிலேயே நிற்பேன். இந்த முறை பச்சைச் சுருளை என் கையில் கொடுத்துப் பார்க்கட்டும்.

நேற்று அதிகாரியின் பதில் வந்தது. நன்றி இல்லை, பாராட்டும் இல்லை. கரையைத் திறக்கும் முடிவு நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது, இடத்தை நேரில் காட்ட முடியுமா என்று இரண்டே வரி.

செவ்வாய்க்கிழமை பகல் பதினொன்று இருபதுக்கு நீர் நன்றாக இறங்கும், முக்கால் மணி நேரம்தான் கிடைக்கும், முழங்கால்வரை பூட்ஸ் போட்டு வாருங்கள், நான் பதினொன்றுக்கே பாறையில் நிற்பேன் என்று பதில் அனுப்பிவிட்டேன். நகல் ஹெலனுக்கும் போயிருக்கிறது.